வேலியோரத்து ஊமத்தை

தோழியரே, மழை பொய்த்தாலும் நம் பெரம்பலூர்ப் பக்கத்தில் வாடாமல் நிற்கும் செடிகளுள் ஊமத்தையும் ஒன்று. கல்லும் சரளையுமான புறம்போக்கிலும், பருத்திக்காட்டு வரப்பிலும், குப்பைமேட்டிலும் யாரும் விதைக்காமலே முளைத்துவிடும். அந்தி சாயும் வேளையில் புனல் போன்ற மலர் விரியும். காய் உருண்டையாக, மேனியெங்கும் முள்ளோடு இருக்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் இதில் வாய் வைப்பதில்லை. ஆனால் சிறு பிள்ளைகள் அக்காயைப் பறித்து எறிந்து விளையாடுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்!

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய யாவும் இதன் உறவினர் என்றால் வியப்பாக இல்லையா? காய்ந்த ஊமத்தை விதை மிளகாய் விதை போலவே தட்டையாக இருக்கும். காரம் மட்டும் இராது. அதை மென்றுவிட்டால் வாய் வறளும், முகம் சிவக்கும், உடல் கொதிக்கும், கண்ணின் பாவை அகலும். பிறகு பிதற்றல், இல்லாத ஒன்றை எட்டிப் பிடித்தல். உயிரும் போகலாம். 1676இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் இவ்வினச் செடியைக் கீரையென்று சமைத்து உண்ட படைவீரர்கள் பதினொரு நாள் சித்தம் கலங்கிக் கிடந்தனராம்.

இது எதனால்? அசிட்டைல்கோலைன் என்னும் பொருளின் வழியாகவே நம் நரம்புகள் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கண்ணுக்கும் இதயத்துக்கும் செய்தி அனுப்புகின்றன. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் முதலிய நஞ்சுகள் அச்செய்தியை வழிமறிக்கின்றன.

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தோ இதற்கு நேர் எதிர். அப்பொருளை உடலில் அளவின்றித் தேங்க வைக்கிறது. எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நம் ஊர்களில் மருந்தடிக்கும் தகப்பன்மார் எத்தனை பேர்! 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பலவகை மருந்து தெளித்தவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சேறியவரைக் காக்க மருத்துவர் உடனே ஊசியில் ஏற்றுவது எதைத் தெரியுமா? அதே அட்ரோபினைத்தான்!

அப்படியானால் ஊமத்தைச் சாற்றையே பிழிந்து கொடுக்கலாமே என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறும். ஊசி மருந்தோ மில்லிகிராம் கணக்கில், நாடியையும் மூச்சையும் பார்த்துப் பார்த்து ஏற்றப்படுவது. ஆகவே வீட்டில் எதையும் கொடுக்காமல், 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிள்ளை தின்ற காயையோ, தெளித்த மருந்தின் புட்டியையோ மறவாமல் எடுத்துச் செல்லவேண்டும்; எந்த நஞ்சு என்று மருத்துவர் அதைப் பார்த்து விரைவில் அறிந்துகொள்வார்.