வயிற்றுவலி என்று எழுத மறுத்த நாவல்

‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த பெண், வாழ்க்கையில் வெறுப்படைந்து தற்கொலை செய்துகொண்டார்.’ நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. சேலம், நாமக்கல் பகுதிகளில் பல ஆண்டுகள் தாலுகா செய்தியாளராகப் பணியாற்றிய நான் இதை எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. காவல் நிலையத்தில் தந்த தகவலும் அதுதான். குடும்பத்தார் சொன்னதும் அதுதான்.

அவற்றுள் ஒரு செய்தி இன்றும் உறுத்துகிறது. இறந்த பெண்ணுக்குக் குழந்தை இல்லை. சாவு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், “வறடி வறடின்னு சொல்லியே கொன்னு போட்டாங்க கண்ணு” என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். செய்தியில் எழுதவில்லை. மறுநாள் நான்கு வரிகளில் செய்தி வெளிவந்தது. காரணம்: வயிற்றுவலி.

உள்ளூர்ச் செய்தியாளர் பொய் சொல்பவர் அல்லர். ஆனால், அவர் ஆவணத்துக்குக் கட்டுப்பட்டவர். அதே ஊரில் மறுநாளும் தேநீர்க் கடைக்குப் போக வேண்டியவர். ஊருக்கே தெரிந்ததும் எந்த ஆவணத்திலும் ஏறாததுமான உண்மைகள் அவருடைய குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகின்றன. அப்படித் தங்கிப்போனவற்றை இந்த வட்டாரத்தில் எழுத்தாக்கியவர், செய்தியாளரல்லாத ஒருவர்: எழுத்தாளர் பெருமாள்முருகன்.

திருச்செங்கோட்டை அடுத்த கூட்டப்பள்ளியில் 1966இல் பிறந்து, அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அவர். அவருடைய நாவல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எங்கள் மாவட்டப் பக்கங்கள் தவறவிட்ட செய்திகளின் தொகுப்பு போலவே தோன்றும். வீட்டுவசதிக் குடியிருப்புக்கு நிலம் எடுக்கப்பட்டதை நாங்கள் ஏக்கர் கணக்கில் எழுதினோம். நிலம் போன உழவர் குடும்பம் உள்ளுக்குள் சிதைவதை ‘ஏறுவெயில்’ (1991) எழுதியது. பண்ணையங்களில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவர்கள் எங்களுக்குச் செய்தியாகவே தெரியவில்லை. ‘கூளமாதாரி’ (2000) அவர்களை நாயகர்களாக்கியது.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க விழாக்களும் புள்ளிவிவரங்களும் எங்கள் பக்கங்களை நிறைத்தன. பெண் சிசுக்களை அழித்த சமூகத்தில் ஒரு தலைமுறை கழித்து ஆண்களுக்கு மணமகள் கிடைக்காமல் போவதை ‘கங்கணம்’ (2007) சொன்னது. வட்டாரத்தின் சொற்களைக்கூட அவர் விடவில்லை. கொங்குச் சொற்களுக்கென்றே ஓர் அகராதியைத் தொகுத்தார்.

இந்த வரிசையில்தான் 2010 இறுதியில் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய காலத்துக் கதை அது. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாத காளி, பொன்னா தம்பதியரை ஊரும் உறவும் சொல்லாலேயே வதைக்கின்றன. அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆணைச் சாமியாகக் கருதிக் கூடலாம் என்றொரு வழக்கம் நாவலில் வருகிறது. அதை நோக்கிப் பொன்னா செலுத்தப்படுவதும், அதனால் காளியின் மனம் முறிவதுமே கதை. என் குறிப்பேட்டில் முடங்கிக்கிடந்த ‘வறடி’ என்ற சொல், அந்த நாவல் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் நாவல் அமைதியாக வாசிக்கப்பட்டது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 2014 டிசம்பர் இறுதியில் திருச்செங்கோட்டில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன. அந்த ஓர் இரவைப் பற்றிய பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு மக்களிடையே விநியோகிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த சமாதானப் பேச்சுவார்த்தையில், நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு எழுத்தாளர் கையொப்பமிட்டார். அதன் பின்னர், தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார்.

அந்த நாட்களின் செய்திகளை எழுதியவர்களுள் நானும் ஒருவன். எத்தனை கடைகள் அடைக்கப்பட்டன, எத்தனை காவலர்கள் குவிக்கப்பட்டனர் என்று பிழையின்றி எழுதினேன். இரு தரப்பையும் பதிவுசெய்தேன். ஆனால், நாவலை அப்போது நான் படித்திருக்கவில்லை. கையில் இருந்தவை அந்த நகல் பக்கங்கள் மட்டுமே. கோபமுற்றுத் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோரைப் போலத்தான் நானும் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோபத்தை வெறும் தூண்டுதலின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. கதை நடக்கும் ஊருக்கு அதன் உண்மைப் பெயரே தரப்பட்டிருந்தது; கோயிலும் மலையும் தேரும் உண்மையானவை. ‘எங்கள் பாட்டிமார்களைப் பற்றியல்லவா எழுதிவிட்டார்’ என்று கேட்டவர்களின் முகத்தில் உண்மையான வலி இருந்தது. பத்துப் பக்கங்களைத் தனியே பிரித்துக் கொடுத்தால் நாவல் செய்தியாகிவிடுகிறது. செய்தி என்றால் யார், எப்போது, சான்று எங்கே என்ற கேள்விகள் எழுவது இயல்பு. நாவலோ இன்ன பெண் இன்னது செய்தாள் என்று சொல்வதில்லை. பிள்ளைப்பேறு ஒன்றையே பெண்ணின் மதிப்பாகக் கருதும் சமூகம், ஒரு பெண்ணை எந்த எல்லைவரை தள்ளும் என்றே அது கேட்கிறது. முழு நாவலையும் வாசித்தவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும். அவர்களும் அதை மறுக்கலாம். மறுப்பு நூல்கூட எழுதலாம். அந்த வாய்ப்புக்கே இடமில்லாமல் போனதுதான் அன்று நடந்த தவறு.

புனைவைச் செய்தியாக வாசிக்கும் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கொலம்பியாவின் உள்ளூர் நாளிதழ்களில் செய்தியாளராக இருந்து நாவலாசிரியரானவர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். சுக்ரே என்னும் ஊரில் 1951இல் நடந்த ஒரு கொலையை அடிப்படையாகக் கொண்டு, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாவல் எழுதினார். அது தம் வாழ்க்கையே என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2011இல் நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. அங்கே வருத்தமுற்றவர் நீதிமன்றத்துக்குப் போனார். இங்கே முடிவு முதலில் ஆட்சியர் அலுவலக மேசையில், சட்டம் ஒழுங்கு என்ற பெயரில் எடுக்கப்பட்டது.

அதைச் சென்னை உயர் நீதிமன்றம் திருத்தியது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு, 2016 ஜூலை 5 அன்று வழங்கிய தீர்ப்பில், நாவலுக்கும் ஆசிரியருக்கும் எதிரான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. பேச்சுவார்த்தையில் எட்டப்பட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை வாசிக்காமல் விட்டுவிடலாம் என்று சுட்டிக்காட்டியது. எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்ற வேண்டுகோளுடன் தீர்ப்பை முடித்தது.

இடைப்பட்ட காலத்தில் இன்னொன்றும் நடந்தது. சாதி மாறி மணந்த இளம் தம்பதியர் மீது ஊரின் வெறுப்பு நெருப்பாகச் சூழ்வதைப் பெருமாள்முருகன் ‘பூக்குழி’ (2013) நாவலில் எழுதியிருந்தார். 2015 ஜூன் 23 அன்று, அதே திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு மாற்றுச் சாதித் தோழியுடன் சென்ற தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடைத்தது. முதலில் தற்கொலை போலக் காட்டப்பட்ட அந்த மரணம் கொலைதான் என்று நிறுவப்பட்டு, 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாவலாசிரியர் முன்பே எழுதிவிட்டதை நாங்கள் பின்னால் செய்தியாக எழுதினோம்.

தீர்ப்புக்குப் பிறகு பெருமாள்முருகன் ‘பூனாச்சி’யுடன் நாவலுக்குத் திரும்பினார். ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ‘ஆளண்டாப் பட்சி’யின் மொழிபெயர்ப்பு ஜேசிபி இலக்கியப் பரிசை வென்றது. எரிக்கப்பட்ட எழுத்தால்தான் இந்த வட்டாரத்தின் சொல்லும் வாழ்வும் இன்று உலகத்துக்குத் தெரிகின்றன.

விருதுகளால் ஊரின் காயம் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், தன்னைப் பற்றி எழுதப்படுவதை முழுமையாக வாசித்துவிட்டு வாதிடும் பழக்கத்தை ஓர் ஊர் கற்றுக்கொள்ள முடியும். பள்ளி நூலகத்திலும் வாசகர் வட்டத்திலும், மாவட்டச் செய்திப் பக்கத்திலும்கூட அது தொடங்கலாம். முதலில் அதைக் கற்றிருக்க வேண்டியவன் செய்தியாளனாகிய நான்தான்.

‘மாதொருபாக’னை நான் தாமதமாகத்தான் முழுமையாகப் படித்தேன். முடித்த இரவில் பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்தேன். அந்த மூதாட்டி சொன்ன வரி அழியாமல் இருந்தது. இறந்தவளுக்கு வயிற்றில் வலி இல்லை என்பது அன்றே எனக்குத் தெரியும்.