ஒரே அடையாள எண் தாங்கிய இரு சேமிப்புக் கருவிகள்

ஹைதராபாத் நகரின் வடபால், செகந்திராபாத்தைக் கடந்து செல்லும் சாலையில் லோத்குண்டா என்னும் பகுதி உள்ளது. அங்கே ஒரு பள்ளியின் கணிப்பொறியில் மாணவர்களின் மதிப்பெண் பதிவேடு சேமிக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பாதுகாப்பின் பொருட்டு அதே கம்பெனியின் அதே வகையைச் சேர்ந்த மற்றொரு திடநிலைச் சேமிப்புக் கருவியையும், அதாவது எஸ்.எஸ்.டி.யையும், வாங்கி அதே பெட்டியில் பொருத்துகிறார்கள். கணிப்பொறியை இயக்கினால் ஒன்று மட்டுமே புலனாகிறது. மற்றதைத் தனியே பொருத்திப் பார்த்தால் அதுவும் செவ்வனே வேலை செய்கிறது. இரண்டில் எதுவும் பழுதன்று. பிழை அவற்றுக்கு இடப்பட்ட பெயரில் இருக்கிறது.

பெயர் என்பதனால் மேலே ஒட்டப்பட்ட சீட்டைக் கருதலாகாது. என்.வி.எம்.இ. என்னும் முறைப்படி இயங்கும் கருவிகளின் உள்ளே, கணிப்பொறி கேட்டால் சொல்லும் வண்ணம், சில எண்கள் பதியப்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று 64 இரும இலக்கங்கள் கொண்டது. மற்றொன்று 128 இலக்கங்கள் கொண்டது. உலகில் வேறு எந்தக் கருவிக்கும் இவ்வெண் அமையக்கூடாது என்பது விதி. 64 இலக்க எண்ணின் முதல் 24 இலக்கங்களை ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலார் சங்கம் உற்பத்தியாளருக்கு ஒதுக்குகிறது. எஞ்சிய 40 இலக்கங்களை உற்பத்தியாளரே கருவிதோறும் மாற்றியிட வேண்டும். 40 இலக்கங்களில் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எண்கள் கிடைக்கும். ஆகவே எண் பற்றாக்குறை என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை.

பின் எவ்வாறு தவறு நேர்கிறது? கட்டுப்பாட்டுச் சில்லைச் செய்பவர் ஒருவர், அதை வாங்கிக் கருவியாகச் சேர்த்துத் தம் பெயரில் விற்பவர் வேறொருவர் என்பது இத்தொழிலில் வழக்கம். சில்லுடன் வரும் நிரலில் மாதிரிக்காக ஓர் எண் இருக்கும். அதனைக் கருவிதோறும் மாற்றி எழுதும் வேலை தொழிற்சாலையில் விடுபட்டுப்போனால், ஒரு தொகுதி முழுவதும் அந்த ஒரே எண்ணைச் சுமந்து வெளிவருகிறது. எண்ணுக்குரிய இடத்தில் சுழி மட்டும் இருந்திருந்தால் தீங்கில்லை; ‘எனக்கு இவ்வெண் இல்லை’ என்பதே சுழியின் பொருள், விதியும் அதை அனுமதிக்கிறது. பொய் எண் அவ்வாறன்று. கேட்பவரை அது நம்ப வைத்துவிடுகிறது.

இரு கருவிகள் ஒரே எண்ணைக் கூறினால் இயக்க நிரல் அவற்றை ஒரே சேமிப்பகத்தை அடையும் இரு வழிகள் என்று எண்ணக்கூடும். பெரிய சேமிப்பகங்களில் இரு வழி அமைப்பு உண்மையாகவே உண்டு. அந்த எண்ணத்துடன் எழுதினால் ஒன்றுக்குரிய செய்தி மற்றதன்மேல் பதிந்து, இரண்டுமே கெடும். மதிப்பெண் பதிவேட்டுக்குப் பிரதி எடுக்கப் போய் மூலமும் அழிந்தது என்ற நிலை ஏற்படும்.

இதற்கு அஞ்சியே லினக்ஸ் நிரலைப் பேணுவோர் 2022-ஆம் ஆண்டில் சோதனையைக் கடுமையாக்கினர்; எண் இரட்டித்தால் பின்னர் வந்த கருவி ஏற்கப்படவில்லை. அதுவரை மறைந்திருந்த பிழை அதன் பின்னரே பலருக்கும் தெரியவந்தது. பல கம்பெனிகளின் மலிவான கருவிகள் மட்டுமன்றி, பெயர்பெற்ற சிலவும் இதில் அகப்பட்டன. அதே ஆண்டில் ஒரு மாற்றும் சேர்க்கப்பட்டது. இன்ன வகைக் கருவி கூறும் எண்ணை நம்பவேண்டாம் என்று நிரலிலேயே ஒரு பட்டியல் வைத்தனர். அப்பட்டியலில் உள்ளவற்றுக்கு, வரிசை எண்ணையும் மாதிரிப் பெயரையும் சேர்த்து அடையாளம் அமைக்கப்படுகிறது. 2023-இல், ஒரே இணைப்பு வாயில் கொண்ட சாதாரணக் கருவிகளை எச்சரிக்கையுடன் ஏற்றுக்கொள்ளும்படி விதி தளர்த்தப்பட்டது. கம்பெனிகள் செய்த தவறுக்கு நிரல் எழுதுவோர் வரி வரியாகக் கணக்கு வைக்க நேர்ந்தது சற்று வேடிக்கையே.

களப் பணியாளர் செய்யத்தக்கது இது. புதிய கருவிகளைப் பொருத்துமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைத்து, அது கூறும் அடையாள எண்ணையும் வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதிக்கொள்க. வரிசை எண் மேற்சீட்டில் உள்ளதுடன் ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க. அடையாள எண் மட்டும் இரட்டித்தால், முதலில் இயக்க நிரலைப் புதுப்பிக்கலாம். உற்பத்தியாளர் உள்நிரல் திருத்தம் வெளியிட்டிருந்தால், செய்திகளைப் பிரதி எடுத்த பின்னரே அதை இடவேண்டும். நிரலைப் புதுப்பித்த பின் பழைய எண்ணால் அமைந்த பெயர் மறைந்துபோகலாம். அந்தப் பெயரை நம்பி எழுதிய தொடக்கக் கட்டளைகள் அப்போது பயன்படா. கோப்பு அமைப்புக்குள் எழுதப்படும் தனி அடையாளத்தைக் கொண்டு அழைத்தால் இத்தொல்லை இல்லை. ஆனால் ஒரு கருவியை அப்படியே மற்றொன்றில் நகல் எடுத்தால் அந்த அடையாளமும் நகலாகிவிடும். அப்போது இரட்டைப் பெயரை நாமே உண்டாக்கியவர்களாவோம். நகல் எடுத்தவுடன் புது அடையாளம் இடுக.

வெளியிலிருந்து யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் மலிவான பெட்டிகளில் வேறொரு சிக்கல் உண்டு. சில பெட்டிகள் உள்ளிருக்கும் கருவியின் எண்ணைக் கூறாமல் தமக்கு இடப்பட்ட ஒரே எண்ணையே கூறும். அத்தகைய பெட்டிகள் இரண்டைச் சேர்த்து ஒரே கணிப்பொறியில் பொருத்தாமல், ஒன்றை எடுத்த பின் மற்றதைப் பொருத்துவது நன்று. எந்தக் கருவியையும் அழித்து எழுதும் முன் மற்றதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுக. மேசைமேல் இருக்கும் கருவியில் எந்தக் கட்டளையாலும் தவறாக எழுத இயலாது. வரிசை எண்ணும் இரட்டித்திருந்தால் கருவியை விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பது தகும்.