வீட்டுச் சுவரோரம் ஜல்லி விரிக்கப் போகிறீர்களா? முதலில் சரிவைப் பாருங்கள்!

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பகுதி விவசாயிகளுக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை பெய்யும். அடுத்து அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். சுவர் முழுதாகக் காய்வதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

ஓட்டிலிருந்து விழும் நீர் செம்மண்ணில் மோதிச் சுவரில் தெறிக்கிறது. சுவரின் அடிப்பகுதி சிவந்து, நாளடைவில் பூச்சு உதிர்கிறது. உள்ளே அந்தச் சுவரை ஒட்டி அடுக்கிய ரப்பர் ஷீட்டில் பூசணம் பிடித்தால் தரம் குறையும், விலையும் குறையும். கொப்பரையும் விதைநெல்லும் ஈரம் இழுக்கும். இதைத் தடுக்க வீட்டைச் சுற்றி ஓரக்கல் கட்டி ஜல்லி விரிப்பது எளிய வழி. ஆனால் தவறாகச் செய்தால் இருந்ததைவிடக் கேடு அதிகமாகும்.

ஜல்லி என்ன செய்யும், என்ன செய்யாது?

ஜல்லி மேல் விழும் மழைநீர் சிதறி வேகம் குறைகிறது. அதனால் மண் தெறிப்பதில்லை. ஆனால் நீரை வெளியேற்றுவது ஜல்லி அல்ல, அதன் அடியில் இருக்கும் மண்ணின் சரிவுதான். சரிவு இல்லாமல் பள்ளம் தோண்டி ஜல்லி கொட்டினால், அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு தொட்டி கட்டியது போலாகும்.

1,000 சதுர அடிக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் நீர் இறங்கும். அத்தனையும் சுவரோரம்தான் விழுகிறது. அது வெளியே போக வழி வேண்டும்.

எந்த ஈரம் என்று பாருங்கள்

மழைக்காலத்தில் மட்டும், வெளிப்பக்கம் செம்மண் தெறித்த உயரம் வரை ஈரம் இருந்தால் ஜல்லி பலன் தரும். மார்ச், ஏப்ரல் வெயிலிலும் சுவர் ஈரமாகவே இருந்தால், நீர் தரைக்குக் கீழிருந்து ஏறலாம், அல்லது குழாய் கசியலாம். அதை ஜல்லி சரிசெய்யாது. முதலில் கொத்தனாரிடம் காட்டுங்கள்.

அமைக்கும் முறை

1. மழை பெய்யும்போது இறவாரத்து நீர் விழும் இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். சுவரிலிருந்து அந்த இடத்தைத் தாண்டி மேலும் ஒரு அடி வரை ஜல்லி வேண்டும். இறவாரம் ஒரு அடி நீண்டிருந்தால் அகலம் இரண்டு அடி.

2. புல், வேர், மேல்மண்ணை அகற்றுங்கள். அஸ்திவாரக் கல் வெளியே தெரியும் அளவுக்குத் தோண்ட வேண்டாம்.

3. சுவரிலிருந்து வெளிப்பக்கம் அடிக்கு அரை அங்குலமாவது சரிவு கொடுத்து, திமிசுக் கட்டையால் இறுக்குங்கள். ஒரு வாளி நீரைச் சுவரோரம் ஊற்றிப் பாருங்கள். நீர் தேங்காமல் வெளியே ஓடினால்தான் அடுத்த வேலை.

4. வெளி ஓரத்தில் வெட்டுக்கல் அல்லது செங்கல் பதியுங்கள். நான்கைந்து அடிக்கு ஒரு இடத்தில் நீர் போக இடைவெளி விடுங்கள். சிமெண்ட் பூசி முழுவதும் அடைத்துவிடக் கூடாது. தென்னந்தடியை ஓரமாகப் போட்டால் கரையானை அழைத்தது போலாகும்.

5. 20 முதல் 40 மி.மீ. ஜல்லியை 4 அங்குலக் கனத்தில் விரியுங்கள். ஜல்லியின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அந்த அரை அடிச் சுவரில் கரையான் மண்பாதை ஏறினால் உடனே கண்ணில் படும்.

இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் மூலையில் நீர் கொட்டும் வேகத்தில் ஜல்லி விலகிவிடும். அங்கே ஒரு பட்டைக்கல் வையுங்கள்.

எவ்வளவு ஜல்லி வேண்டும்?

30 அடிக்கு 30 அடி வீட்டைச் சுற்றி, 2 அடி அகலத்துக்கு 4 அங்குலக் கனத்தில் விரிக்கச் சுமார் 85 கன அடி தேவை. 100 கன அடி கொண்ட ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். செலவைக் குறைக்க நினைத்து அனுமதியில்லாமல் ஆற்றில் கூழாங்கல் அள்ள வேண்டாம், அது குற்றம்.

வெளியேறும் நீரை வீணாக்காதீர்கள்

ஓரக்கல் இடைவெளியில் வரும் நீரைச் சிறு வாய்க்காலில் சேர்த்து, வீட்டிலிருந்து பத்து அடியாவது தள்ளியுள்ள தென்னந்தடத்துக்கு விடலாம். கிணற்றுப் பக்கமோ கழிவறைத் தொட்டிப் பக்கமோ திருப்பக் கூடாது.

பராமரிப்பு

ரப்பர் இலையுதிர்வு முடிந்ததும், இடவப்பாதிக்கு முன்பும் சருகை வாரிவிடுங்கள். சருகு மக்கினால் ஜல்லிக்குள் மண் சேர்ந்து களை முளைக்கும். கிணறு அருகில் இருப்பதால் களைக்கொல்லி வேண்டாம், கையால் பிடுங்குங்கள். விறகையும் கதம்பையையும் ஜல்லி மேல் அடுக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும், கரையானும் பாம்பும் தங்க இடமாகும்.

மே மாதத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள். முதல் பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கே நீர் நிற்கிறதோ, அங்கே மழை விட்டதும் ஜல்லியை விலக்கிச் சரிவைத் திருத்துங்கள்.