விடுமுறையும் நாஞ்சில் நாட்டுக் குளங்களும்

விடுமுறை நாட்கள் நெருங்கிவிட்டால், காமிரா வைத்திருக்கும் நமது அன்பர்களுக்கு ஒரு கவலை பிறந்துவிடுகிறது. வனஜீவன்களைக் கண்ணாரக் காணவும் படம் பிடிக்கவும் எங்கே போவது என்பதே அக்கவலை. செல்வர்கள் ஆப்பிரிக்காவிலுள்ள செரெங்கெட்டிக்கு விமானம் ஏறுகிறார்கள். மற்றவர்கள் அஸ்ஸாமிலுள்ள காசிரங்காவுக்கும் கர்நாடகத்திலுள்ள பந்திப்பூருக்கும் ரயில் ஏறுகிறார்கள். அவ்விடங்கள் காணத்தக்கவை அல்ல என்று நாம் கூறவில்லை. ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியை விட்டுவிட்டு, ஊர் ஊராக விருந்தாளியைத் தேடுகிறவனை உலகம் என்னவென்று சொல்லும்?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருவழியில் தினந்தோறும் ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் போகிறார்கள். சுசீந்திரத்தில் தாணுமாலயப் பெருமானின் கோபுரத்தைக் கண்டு கை கூப்புகிறார்கள். கன்னியாகுமரியில் சூரியோதயத்தையும், விவேகானந்தர் பாறையையும், 133 அடி உயர வள்ளுவர் சிலையையும் பார்த்துத் திரும்புகிறார்கள். வழியிலே கிடக்கும் குளங்களை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. ஐப்பசி முதல் மாசி வரை அக்குளங்களில் கூடும் பறவைக் கூட்டமோ, எந்தத் திருவிழாக் கூட்டத்துக்கும் இளைத்ததன்று.

கூழைக்கடா கூட்டமாக மிதந்து வந்து மீனை வளைத்துப் பிடிக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி, பாம்பு நீந்துகிறதோ என்று பார்ப்பவரை மயங்கச் செய்யும். இலைக்கோழி தாமரை இலை முழுகாமல் அதன் மேலே நடந்து போகும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சேற்றைக் கிளறும். வடக்கே மத்திய ஆசியாவின் குளிருக்கு அஞ்சிப் புறப்பட்ட சிறகிகளும் உள்ளான்களும், பல்லாயிரம் மைல் பறந்து, பாரத பூமியின் கடைக்கோடியில் வந்து இறங்குகின்றன. இதற்கு அப்பால் கடல்தான். கவிமணி பிறந்த தேரூரின் குளமும், சுசீந்திரம் குளமும், வேம்பனூர்க் குளமும் அவற்றின் சத்திரங்கள். பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயலும் அத்தகையதே. 2022-ஆம் ஆண்டில் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் சுமார் 94 ஹெக்டேரும், வேம்பனூர் நீர்நிலைகள் சுமார் 20 ஹெக்டேரும், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த இடங்களாக அறிவிக்கப்பட்டன. உலகம் அறிந்துகொண்டதை உள்ளூரார் அறியவில்லை என்றால் அது நமக்குப் பெருமையாகுமா?

விடுமுறைக்கு இடம் தேர்ந்தெடுப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதலாவது, அங்கே போகவேண்டிய காலம் எது? இரண்டாவது, நாம் காண விரும்பும் பிராணி அங்கே எதை நம்பி வாழ்கிறது? மூன்றாவது, நாம் போவதால் அதற்கு நன்மையா, தீமையா? முதலிரண்டு கேள்விகளுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் விடை கூறும். மூன்றாவதற்கு நமது மனச்சாட்சிதான் விடை கூற வேண்டும்.

இந்த மூன்றாவது கேள்வியை ஒரு காலத்தில் யாரும் கேட்டதில்லை. பரத்பூர் சமஸ்தானத்து ஏரியில், 1938-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டியார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதைப் பெருமையாகக் கல்லிலும் பொறித்து வைத்தார்கள். அதே ஏரி 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. துப்பாக்கி சென்ற வழியில் இன்று காமிரா செல்கிறது. மிகவும் நல்ல மாறுதல். எனினும் காமிராவும் துன்பம் செய்யக்கூடும் என்பதை மறக்கலாகாது. பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்து கூட்டத்தைக் கலைப்பவரும், கூட்டின் அருகே ஏறிக் குஞ்சைப் படம் பிடிப்பவரும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பவரும் இருக்கிறார்கள். திரும்பிப் போகும் நெடும் பிரயாணத்துக்காக உண்டு கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும் பறவையை, ஒரு முறை வீணாகக் கிளப்பினாலும் அதன் கட்டுச்சோற்றில் ஒரு கவளத்தைப் பறித்தவர்களாவோம்.

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வர், ஸ்ரீ மா. கிருஷ்ணன். வனவிலங்குகளைப் படம் பிடிப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலும் தேசமெங்கும் புகழ் பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நமது நாட்டு மரமும் பறவையும் விலங்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே ஆயுள் முழுவதும் அவர் வற்புறுத்தியது. தென்பாண்டிச் சீமையில் பிறந்த ஒருவர் இத்துறையில் காட்டிய வழியை, அடுத்திருக்கும் நாஞ்சில் நாட்டார் பின்பற்றுவதில் என்ன தடை?

விருந்தாளிகளைக் காப்பது தமிழருக்குப் புதிதன்று. வேடந்தாங்கல் கிராமத்தார் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாதென்று முறையிட்டு, 1798 அளவிலேயே கம்பெனிக் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து உத்தரவு பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எருவாகும் என்பதை அக்குடியானவர்கள் அறிந்திருந்தார்கள். நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்திலோ, இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கள் அஞ்சுமே என்று, தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். சட்டம் வருவதற்கு முன்பே தர்மம் அங்கே காவல் நின்றது.

நாஞ்சில் நாட்டின் நிலைமை என்ன? திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பூமி இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகங்களுக்கும் குளங்களே ஆதாரம். வயலுக்கு நீர் வேண்டும் என்பதற்காகக் குடியானவன் குளத்தைக் காத்தான். அந்தக் காவலின் நிழலிலே பறவையும் பிழைத்தது. இப்போதோ நெல்வயல்கள் வாழைத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவருகின்றன. வயல் போனால் மடையைக் கவனிப்பார் இல்லை. மடையைக் கவனிப்பார் இல்லையெனில் குளத்துக்குப் பரிந்து பேசுவாரும் இல்லை. சாக்கடையும் குப்பையும் சேரும். கரை நாளுக்கு நாள் உள்ளே நகரும். பாதுகாப்பு அறிவிப்பு மட்டுமே ஒரு குளத்தைக் காத்துவிடாது. அதற்காகப் பேச ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களாக ஏன் விடுமுறைப் பிரயாணிகள் வரக்கூடாது என்று நாம் கேட்கிறோம். ஆண்டுதோறும் ஒரே குளத்துக்கு வந்து, ஒரே கரையில் நின்று படமெடுப்பவன் அக்குளத்தின் சாட்சியாகிறான். சென்ற ஆண்டு நீர் இருந்த இடத்தில் இவ்வாண்டு மண் கொட்டியிருந்தால், அவனுடைய படமே அதைச் சொல்லும். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் அன்பர்கள் பறவைக் கணக்கு எடுத்து வருகிறார்கள். காலை வேளையில் கால் மணி நேரம் கரையில் நின்று எண்ணிக் குறிப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

பெரிய விலங்குகளைத்தான் காண வேண்டும் என்பவர்களுக்கும் இந்த ஜில்லாவில் இடமுண்டு. ஜில்லாவின் பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகமான மலைக்காடு 2008-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. யானையும் காட்டுமாடும் மிளாவும் அங்கே திரிகின்றன. ஆனால் மழைக்காட்டில் விலங்கு எளிதில் முகம் காட்டாது. வனத்துறையாரின் அனுமதியோடு சென்று, கால்தடத்தையும் சாணத்தையும் பார்த்துத் திரும்பினாலும் லாபமே என்று எண்ணுகிறவர்கள் போகலாம். பணம் கொடுத்தேன், யானையைக் காட்டு என்பவர்கள் போகாதிருப்பதே நலம்.

இனி வரும் விடுமுறைக்குப் பெட்டி கட்டும் அன்பர்கள், ஒரு நாளையாவது நமது குளங்களுக்கு ஒதுக்குவார்களாக. விடியுமுன் சென்று, மங்கிய நிற உடையோடு கரையில் அமைதியாக அமர்ந்து, பறவை தானாக அருகே வரும் வரை காத்திருப்பார்களாக. உடன் தங்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்வார்களாக. பல்லாயிரம் மைல் கடந்து வரும் விருந்தாளி அடுத்த ஆண்டு வரும்போது இங்கே நீர் இருக்குமா என்பது அந்த விருந்தாளியின் கையில் இல்லை. நமது கையிலேதான் இருக்கிறது.