செண்பகத்துக்குப் பசியில்லை

மதிலோரம் நான் வைத்த செண்பகம் மூன்றாம் வருஷம் மஞ்சளாகத் தொடங்கியது. பார்த்தவர்களெல்லாம் "யூரியா போடுங்கம்மா" என்றார்கள். போட்டேன், மஞ்சள் கூடியது. எதிர்வீட்டு அக்கா, "இரும்புச்சத்து பத்தலை, துருப்பிடிச்ச ஆணியைப் புதைச்சு வை" என்றார். அக்கா சொன்ன நோய் சரி. மருந்துதான் தப்பு.

ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளையை வளைத்துப் பார்த்தேன். அடியிலைகள் கரும்பச்சையாகவே இருந்தன. வெளுத்ததெல்லாம் நுனிக் கொழுந்து. அதிலும் நரம்புகள் மட்டும் பச்சை. நடுவெல்லாம் எலுமிச்சம்பழ நிறம்.

தழைச்சத்து குறைந்தால் மரம் அதை முற்றிய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தாலும் அப்படியே. இரும்பு அப்படி இடம் மாறாது. போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். கொழுந்துக்கு வேர் புதிதாக அனுப்பினால்தான் உண்டு.

மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? செம்மண்ணின் சிவப்பே அதுதான். ஆனால் மண்ணில் காரம் ஏறினால் இரும்பு கரையாது; பிஎச் அளவு ஒன்று கூடினாலே கரைதிறன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். செண்பகமோ லேசான அமில மண்ணைக் கேட்கிற மரம். மதில் கட்டிய கொத்தனார் மிச்சக் கலவையை அங்கேதான் கொட்டி மூடியிருந்தார். ஒரு பிடி மண்ணில் வினிகர் ஊற்றினேன்; புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு! போதாததற்குத் தினமும் உப்புக் கறை படியும் போர் தண்ணீர் வேறு. அந்த மண்ணில் ஆணி என்ன செய்யும், பாவம்.

லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன். சில நாளில் துளி பட்ட இடமெல்லாம் பச்சைப் புள்ளி! பிரான்சில் எசேப் கிரி என்பவர் 1840-களிலேயே இரும்பு உப்பைக் கொடுத்து வெளுத்த இலையைப் பச்சையாக்கிக் காட்டிவிட்டார்.

ஆனால் தெளிப்பு அந்த இலையோடு சரி. அடுத்த கொழுந்து மறுபடி வெளுத்தே வந்தது. கடைசியில் வேர் அறுபடாமல் சுற்றிலும் தோண்டி, நாலு சட்டி கலவைக் கட்டியை வெளியே எடுத்தேன். மக்கிய எரு போட்டு, மாடி மழைத்தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் கொழுந்து பச்சையாக வந்தது.

அன்னபேதி தெளிக்கிறவர்கள் கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசல் மொசைக்கில் விழுந்த துருக்கறை இன்னும் போகவில்லை.