காசிப் பல்கலைக்கழக நூலகம்

வாரணாசியில் 1916ஆம் ஆண்டு தோன்றிய காசி இந்துப் பல்கலைக்கழகம் மிகப் பரந்தது. ஆயினும், அங்கு நிகழும் ஆராய்ச்சிக்கு ஊற்றுக்கண் அதன் நடுவண் நூலகமே. நீதியரசர் காசிநாத் தெலங்கின் நினைவாக அவர்தம் மகன் 1917இல் வழங்கிய நூல்தொகுதியே அதன் தொடக்கம். நிறுவனர் மாளவியா, 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பியபின், அந்நகரின் பிரித்தானிய அருங்காட்சியக நூலகம் போன்றதொன்று தம் மாணவர்க்கும் வேண்டும் என்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் வாரி வழங்கினார். 1941இல் நூலகம் இன்றைய மாளிகையில் குடியேறியது.

அச்சு நூல்களுடன் அரிய கையெழுத்துச் சுவடிகளும் இங்குள்ளன. பதிப்பில் ஒரு சொல் ஐயந்தருமாயின், ஆய்வாளர் சுவடியோடு ஒப்புநோக்கலாம். அஃது எளிதன்று, பழைய எழுத்துகளைக் கற்றிருத்தல் வேண்டும், தொட்டால் உதிரும் ஏடுகளைப் பொறுமையுடன் புரட்டவும் வேண்டும்.