கியர் போயிட்டு நானா!

பதினைந்து குதிரைவலு எஞ்சினை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்த இரண்டு பையன்களும் அதை இறக்கி வைக்குமுன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். "கியர் போயிட்டு நானா."

மதுரங்குளிப் பக்கத்துப் பட்டறை அது. எஞ்சின் பாஸ் கையிலிருந்த பிளேன்டியைக் குடித்து முடித்தார். "போட்டா விழுதில்லையா, விழுந்துட்டுக் கழருதா, விழுந்தும் வள்ளம் போகலையா?" என்று கேட்டார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றும் வேறு வேறு நோய் என்பது அவர்களுக்கு அதுவரை தோன்றவில்லை. எனக்கும்தான்.

வடக்கே புத்தளம் களப்பு, தெற்கே முந்தல் களப்பு, இரண்டையும் தொடுக்கும் ஒல்லாந்தர் கால்வாய் என்று தண்ணீர் சூழ்ந்த ஊர்ப்பக்கம் இது. பைபர் வள்ளமும் அதன் பின்பலகையில் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரமும்தான் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கின்றன. அந்த இயந்திரத்தின் கியரைப்போல எளிமையான பொறியும் குறைவு, அதைப்போல வீண்பழி சுமப்பதும் குறைவு.

தொடக்கத்தில் இவற்றுக்குக் கியரே கிடையாது. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்தால் புரொப்பெல்லரும் கூடவே சுற்றும். படகு அந்தக் கணமே கிளம்பிவிடும். அப்படிப்பட்ட எஞ்சின்களில் பின்னே போக, எஞ்சினையே முழுதாகத் திருப்பிப் பிடிப்பார்கள். முன், நடு, பின் என்று மூன்று நிலையும் கொண்ட கியரோடு ஜோன்சன் நிறுவனத்தின் பத்துக் குதிரைவலு எஞ்சின் 1949இல்தான் வந்தது. இன்று களப்பில் ஓடும் எஞ்சின்களின் அடிப்பெட்டியும் ஏறத்தாழ அதே தத்துவம்தான்.

தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துத்தண்டு ஒரு பக்கமாகச் சுழலும்போது, ஒரு கை முன்னே போகும், மற்றக் கை பின்னே வரும். எஞ்சினிலிருந்து நேராகக் கீழிறங்கும் தண்டின் நுனியில் உள்ள சிறு பற்சக்கரம்தான் அந்த மத்து. அதன் இரு பக்கமும் எதிரெதிராக நிற்கும் பெரிய பற்சக்கரங்கள் உள்ளங்கைகள். எஞ்சின் ஓடும்வரை இரண்டும் எதிர்த்திசைகளில் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் புரொப்பெல்லர் தண்டோடு அவற்றுக்கு நேரடி ஒட்டு உறவில்லை. நடுவே தண்டின் மீது முன்பின்னாக வழுக்கும் ஒரு சிறு உருளை இருக்கிறது. அதன் இரு முகத்திலும் தடித்த பற்கள். கியர் தடியை முன்னே தள்ளினால் அந்த உருளை முன் சக்கரத்தைக் கவ்வும், பின்னே இழுத்தால் பின் சக்கரத்தை. ஆங்கிலத்தில் இந்தக் கவ்விக்கு 'நாய்' என்று பெயர். கவ்வினால் விடாது என்பதால் வைத்திருப்பார்கள்.

காரிலும் முச்சக்கர வண்டியிலும் இருப்பதுபோல வழுக்கிப் பிடிக்கும் கிளச் இங்கே இல்லை. சுழலும் இரும்புப் பல்லை நிற்கும் இரும்புப் பல் நேருக்கு நேர் கவ்வ வேண்டும். ஆகவே 'டக்' என்ற சத்தம் வரத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து கியரை மெல்ல மெல்லத் தள்ளுகிறவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். தயங்கித் தயங்கித் தள்ளும்போது பற்கள் ஆழமாக இறங்காமல் முனையோடு முனை உரசும். அந்தக் 'கிர்ர்' ஒவ்வொன்றும் பல்லின் மூலையை மழுங்கடிக்கும். எஞ்சின் வேகத்தை நன்றாகக் குறைத்து, ஒரே அழுத்தில் சட்டென்று போடுவதுதான் சரி. மென்மை எல்லா இடத்திலும் குணமல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மழுங்கிய பல் என்ன செய்யும்? புதிய பல்லின் பக்கம் இலேசாக உள்நோக்கி வெட்டப்பட்டிருக்கும். பாரம் ஏற ஏற இரண்டும் ஒன்றையொன்று இழுத்து இறுக்கிக்கொள்ளும். மூலை உருண்டுவிட்டால் கதை தலைகீழ். அதே பாரம் ஆப்பு மாதிரி அவற்றைப் பிரித்துத் தள்ளும். மெதுவாகப் போகும்போது எந்தக் குறையும் தெரியாது; வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு வேகத்தைக் கூட்டியதும் 'டட்டட்' என்று கழன்று விழும். "விழுந்துட்டுக் கழருதா" என்று பாஸ் கேட்டது இதைத்தான். இதற்குப் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். மழுங்கிய பல்லின் மேல் வெல்டிங் வைத்து அராவிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் உருக்கின் கடினம் போய்விடும் என்பதால் அது நெடுநாள் தாங்காது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் இன்னொரு சிக்கல். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். குறைந்த வேகத்தில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். நிற்காமலிருக்கச் சிலர் ஐட்லிங்கையே உயர்த்தி வைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றை ஒட்டி இருக்கவேண்டியது அதற்கு எவ்வளவோ மேலே நிற்கும். அந்த வேகத்தில் போடும் ஒவ்வொரு கியரும் சுத்தியலடி. பிழை கார்புரேட்டரில், தண்டனை கியருக்கு.

"விழுந்தும் போகலையா" என்பது வேறு கதை. எஞ்சின் உறுமுகிறது, கியர் விழுகிறது, வள்ளம் மட்டும் நகரவில்லை. புரொப்பெல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. ஓரிரு மீற்றர் ஆழமே உள்ள களப்பில் மணல்திட்டிலோ கட்டையிலோ மோதினால் பற்சக்கரம் உடையாமல் காப்பது அதுதான். அது அறுந்துவிட்டால் உள்ளே தண்டு சுற்றும், வெளியே இலை சும்மா நிற்கும். சோதிக்கக் காசு வேண்டாம். உள்வளையத்தையும் வெளிக்கூட்டையும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு கீறிவிட்டு, வள்ளத்தை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் கியர் குற்றவாளி அல்ல. ரப்பர் புஷ் இல்லாத சிறிய எஞ்சின்களில் ஒரு மெல்லிய ஊசிக்கம்பி அந்த வேலையைச் செய்யும்; முறிந்தால் மாற்றலாம். அதற்குப் பதில் தடித்த ஆணியைச் செருகுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அடுத்த மோதலில் முறியப்போவது பற்சக்கரம்.

புஷ் முழுதாக அறுமுன்னரே வழுக்கத் தொடங்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் ஓட்டம் குறையும், எண்ணெய் வீணாகும். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய நாளை மறக்காதவர்களுக்கு அந்த வீணின் கனம் தெரியும்.

மூன்றாவது, "விழுதில்லை". கரையில் எஞ்சின் நிற்கும்போது தடி முன்னே போகமாட்டேன் என்றால் அது பழுதில்லை. பல்லுக்கு நேரே பல் நிற்கிறது, அவ்வளவுதான். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே தடியைத் தள்ளினால் விழுந்துவிடும். தெரியாமல் பலம் போட்டுத் தள்ளி, உள்ளே இறங்கும் கம்பியை வளைத்துவிட்டால்தான் உண்மையான செலவு. கோடையில் புத்தளம் களப்பின் தென்கோடியில் உப்பு கடலையும் மிஞ்சும். பாலாவியில் உப்பளம் இருப்பது சும்மாவா? அந்த உப்பு கியர் தடியின் மூட்டுகளில் வெள்ளையாய்ப் பூத்து இறுகிவிடும். நல்ல தண்ணீரும் கொஞ்சம் கிறீஸும் போதும். தண்ணீர் பம்பின் இம்பெலரை மாற்றிய மறுநாளே கியர் பிழைத்தால், அடிப்பெட்டியைத் திரும்பப் பூட்டியபோது கம்பியின் இணைப்பு நட் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். கீழும் மேலும் நடு நிலையில் இருக்கும்போதுதான் அதைப் பூட்டவேண்டும்.

பையன்களுடைய எஞ்சினுக்கு வருவோம். கோடு கீற வேண்டிய அவசியம் வரவில்லை. பாஸ் அடிப்பெட்டியின் கீழ் ஸ்குரூவைக் கழற்றினார். தேன் நிறத்தில் வரவேண்டிய கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது. உள்ளே தண்ணீர். ஸ்குரூவின் காந்த நுனியைத் துணியில் துடைத்தார். சாம்பல் நிறத்தில் மாவுபோல ஒட்டியிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. அதற்குள் மின்னிய ஒரு செதிலை மட்டும் நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வலை எப்ப சிக்கின?"

"போன மாசம். அப்பவே வெட்டி எடுத்துட்டோமே."

புரொப்பெல்லரைக் கழற்றினார்கள். வெட்டி எடுத்தது வெளியே தெரிந்ததை மட்டும்தான். புரொப்பெல்லருக்குப் பின்னால், தண்டோடு ஒட்டி, உருகி இறுகிய தங்கூசி நூல் வளையல்போல் கிடந்தது. சுற்றச் சுற்ற அது ஒயில் சீலின் உதட்டை அரிந்து வழி திறந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் போகிற வழியில் ஒயில் வெளியே வந்திருக்கிறது. ஒரு மாதம் பற்சக்கரங்கள் உப்பில் குளித்திருக்கின்றன.

கவ்வியையும் முன் சக்கரத்தையும் மாற்றி, புது சீல் போட்டார். கீழ்த்துளையிலிருந்து ஒயிலை ஏற்றி, மேல்துளையால் காற்றுக்குமிழி இல்லாமல் வழியும்வரை காத்திருந்தார். முதலில் மேல் ஸ்குரூவை இறுக்கினார், பிறகுதான் கீழே செருகிய குழாயை உருவினார். மேலே மூடியிருந்தால் கீழே ஒயில் கொட்டாது. கால் லீற்றர் அளவுதான் பிடிக்கும். அதில் ஒரு சொட்டும் வீணாகவில்லை.

பையன்கள் எஞ்சினைத் தூக்கும்போது தங்கூசி வளையத்தைப் பெரியவனின் சட்டைப் பையில் போட்டார் பாஸ்.

"இனிப் புரொப்பெல்லரை எப்ப கழட்டிப் பார்க்கிறது நானா?"

"வலை சிக்கின அன்னைக்கு."